கடைத்தெரு கட்டிய கேளிக்கைப் பூங்கா



வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, சங்கச் செய்திகள் என்று படித்துப் பழகிய நம் இதழில் ராட்டினத்தையும் நீர்ச்சறுக்கையும் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இது நம் கல்லாவைத் தொடுகிற விஷயம். ஊருக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்கா நன்றாக நடந்தால், அதற்கு எண்ணெய் போடுகிறவர், மைதா போடுகிறவர், கடலை, சோளம், அப்பளம், காகிதத் தட்டு போடுகிறவர், வாசலில் இளநீர் வெட்டுகிறவர், வேன் ஓட்டுகிறவர் என்று ஐம்பது பேருக்குப் பிழைப்பு உண்டு. பூங்கா நொடித்தால் அதன் முதலாளி மட்டும் நொடிப்பதில்லை. அவர் வங்கிக்கு வைத்த பாக்கி போக மிச்சப் பாக்கியெல்லாம் நம் பேரேட்டில்தான் இருக்கும்.

என் கிட்டங்கியிலிருந்து ஒரு பூங்காவின் சிற்றுண்டிச் சாலைக்குப் பல ஆண்டுகளாகச் சரக்குப் போகிறது. முன்பெல்லாம் கோடை விடுமுறையில் வாரம் இருமுறை வண்டி போகும். இப்போது மாதம் இருமுறை போனால் அதிகம். மேலாளரைக் கேட்டால், “குடும்பங்கள் வருவதில்லை, அண்ணாச்சி. கல்லூரிப் பையன்கள் வருகிறார்கள், ஆட்டம் போடுகிறார்கள், போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய ராட்டினம் இறக்கினால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார்.

எனக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. வாடிக்கையாளர் குறைந்த கடைக்காரர் கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக் கடனாளியானதை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! முதலில், போனவர்கள் ஏன் போனார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் ஜப்பான் நாட்டில் நடந்த ஒன்றை நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அங்கே ஒரு பழைய பூங்காவைத் தூக்கி நிறுத்த அவர்கள் தேடிப் பிடித்த மருந்து, நம்மைப் போன்ற கடைக்காரர்களின் கடைத்தெரு.

ஒரே முதலாளி, இரண்டு பூங்கா

ஜப்பானில் தனியார் ரயில் கம்பெனிகள் தங்கள் பாதையில் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் ஏற வேண்டும் என்பதற்காகப் பூங்காக்களைக் கட்டினார்கள். வாரநாளில் வேலைக்குப் போகிறவர்கள், விடுமுறையில் பிள்ளைகளோடு எதிர்த்திசையில் போவார்கள். நல்ல வியாபார மூளை. செய்பு என்ற ரயில் கம்பெனியின் குழுமத்தில் இப்படி இரண்டு பூங்காக்கள் இருந்தன. ஒன்று தோக்கியோ நகருக்குள்ளேயே 1926இல் தொடங்கிய தோஷிமாயென். மற்றொன்று நகருக்கு வெளியே சைதாமா மாவட்டத்தில், தோகோரோசாவா என்ற ஊரில், ஓர் ஏரிக்கரை ஓரமாக 1950இல் தொடங்கிய செய்புயென்.

1983இல் தோக்கியோவுக்குப் பக்கத்தில் டிஸ்னிலேண்ட் வந்தது. அதோடு பிள்ளைகளே குறைந்தார்கள். 1973இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் சுமார் 20 லட்சத்து 90 ஆயிரம். 2019இல் பிறந்தவர்கள் சுமார் 8 லட்சத்து 65 ஆயிரம். ஊரில் பாதிக்கு மேல் வீட்டில் தொட்டிலே ஆடாவிட்டால் பலூன் வியாபாரம் எப்படி நடக்கும்? 1988ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 19 லட்சத்து 40 ஆயிரம் பேர் வந்த செய்புயென்னுக்கு 2018ஆம் ஆண்டுக் கணக்கில் வந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம். நாலில் ஒரு பங்கு.

தோஷிமாயென்னை 2020 ஆகஸ்டு 31ஆம் தேதியோடு மூடினார்கள். 94 ஆண்டு நடந்த பூங்கா அது. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் 2023இல் ஹாரி பாட்டர் திரைப்படக் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. செய்புயென்னை மட்டும் மூடவில்லை. சுமார் 1,000 கோடி யென் செலவில் புதுப்பித்து 2021 மே 19ஆம் தேதி மறுபடியும் திறந்தார்கள்.

அந்தப் பணத்தை எதில் போட்டார்கள் என்பதுதான் நமக்குச் செய்தி. புதுப்பிக்கும் யோசனை சொன்னவர் ட்சுயோஷி மோரியோகா என்பவருடைய கத்தானா என்ற நிறுவனம். பூங்கா பழசாகிவிட்டது, தகரம் துருப்பிடித்துவிட்டது என்று எல்லோரும் குறை சொன்னார்கள் அல்லவா? அந்தப் பழமையை வெள்ளையடித்து மறைக்க வேண்டாம், அதையே சரக்காக்கி விற்போம் என்று முடிவு செய்தார்கள். நுழைந்ததும் 1960களின் ஜப்பானியக் கடைத்தெரு ஒன்றை எழுப்பினார்கள். சுமார் முப்பது கடைகள். காய்கறிக் கடை, இறைச்சிக் கடை, மிட்டாய்க் கடை, காபிக் கடை, ஓர் அஞ்சல் நிலையம், ஒரு காவல் நிலையம். “சூரியன் மறையும் குன்றுக் கடைத்தெரு” என்று அதற்குப் பெயர்.

அங்கே கடைக்காரராக நிற்பவர்கள் நடிகர்கள். கூவி அழைக்கிறார்கள், வருகிறவர்களிடம் வாயாடுகிறார்கள், வேடிக்கை பேசுகிறார்கள். திடீரென்று காவலர் ஒரு திருடனைத் துரத்திக்கொண்டு தெரு நடுவே ஓடுகிறார். திறந்த காலத்தில் அந்தத் தெருவுக்கென்று தனிப் பணமே அச்சடித்தார்கள். அதன் பெயர் “என்”. பூங்காவின் பெயரில் வரும் தோட்டம் என்ற எழுத்துக்கும் ஜப்பானிய நாணயத்துக்கும் அவர்கள் வாயில் ஒலி ஒன்றே. அந்த நோட்டைக் கையில் வாங்கினதும் பெரியவர்களும் பிள்ளைகளாகிவிட வேண்டும் என்பது எண்ணம்.

ஏன் 1960கள்? 1964இல் தோக்கியோ ஒலிம்பிக் நடந்தது, அதே ஆண்டு அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. போரில் நொறுங்கிய நாடு நிமிர்ந்த காலம் அது. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். பேரனுக்கு ராட்டினம் இருக்கிறது. தாத்தாவுக்கு அந்தத் தெரு இருக்கிறது. “இப்படித்தான் நான் அந்தக் காலத்தில் மிட்டாய் வாங்குவேன்” என்று பேரனுக்குச் சொல்ல அவரிடம் ஒரு கதையும் இருக்கிறது.

இயந்திரமே வேண்டாம் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. காட்சில்லா என்ற பூதப் பிராணியை வைத்து ஒரு பெரிய சவாரியும் அமைத்தார்கள். ஆனால் அதையும் அந்தக் காலத்துச் சினிமாக் கொட்டகை போன்ற கட்டடத்துக்குள்தான் வைத்தார்கள். கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே திறந்த பூங்கா அது. ஆகவே அதன் முதல் வருட வசூலை விட்டுவிட்டு அதன் யோசனையைத்தான் நான் எடைபோடுகிறேன். யோசனை நிறுவையில் சரியாகவே நிற்கிறது.

ஏறாதவரும் வாடிக்கையாளரே

நம் பக்கத்துப் பூங்காக்களுக்கு வருவோம். குடும்பம் என்றால் யார்? கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி. ஆறு பேரில் ராட்டினத்தில் ஏறுகிறவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். மற்றவர்கள் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பூங்கா நடத்துகிறவர்களின் கண்ணுக்கு ஏறுகிறவர் மட்டுமே தெரிகிறார். உட்கார்ந்திருக்கிறவருக்கு நிழல் இருக்கிறதா, சாய்ந்து உட்கார இடம் இருக்கிறதா, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா, அது மூக்கைப் பிடிக்காமல் நுழையும்படி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் மறுமுறை போவதா வேண்டாமா என்று வீட்டில் தீர்ப்புச் சொல்வது யார்? அந்தப் பாட்டியும் அம்மாவும்தான். “அந்த வெயிலில் யார் போய் உட்காருவது” என்று பாட்டி ஒரு வார்த்தை சொன்னால், நாலு கோடி ரூபாய் ராட்டினமும் நின்ற இடத்தில் நிற்கும். நம் கடைக்கு வரும் அம்மாவோடு ஒரு முதியவர் வந்தால் நாம் முக்காலியை நகர்த்திப் போடுகிறோம். அவர் ஒன்றும் வாங்குவதில்லை. ஆனாலும் அந்த வீட்டுப் பட்டியல் நம் கடைக்கே வருவதற்கு அந்த முக்காலி ஒரு காரணம். செய்புயென்னின் கடைத்தெரு முழுவதுமே, ஏறாதவர்களுக்காகப் போட்ட ஒரு பெரிய முக்காலி என்று நான் சொல்வேன்.

குடும்பத் தலைவர் போடும் கணக்கு

அடுத்தது விலை. ஒரு கணக்குக்காகச் சீட்டு தலைக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு 4,200 ரூபாய். அதில் 1,400 ரூபாய் தாத்தாவும் பாட்டியும் பெஞ்சில் உட்காருவதற்கு. மதியச் சாப்பாடு தலைக்கு 150 என்றால் 900. வண்டி நிறுத்தக் கட்டணம், பை வைக்கும் பெட்டி வாடகை, நீச்சல் உடை வாடகை, ஐஸ்கிரீம், தண்ணீர் என்று இன்னொரு 900. ஆக 6,000 ரூபாய். இதே குடும்பத்தின் மாத மளிகைப் பட்டியல் எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா? ஒரு நாள் கேளிக்கை ஒரு மாதப் பருப்பு, எண்ணெயோடு போட்டி போடுகிறது.

6,000 ரூபாயைவிட அதிகமாக உறுத்துவது ஒன்று உண்டு. வாசலில் ஒரு தொகை வாங்கிவிட்டு, உள்ளே அடிக்கு ஒரு தரம் கையை நீட்டுவது. பத்து ரூபாய் அதிகம் என்றாலும் ஒரே விலையாகச் சொன்னால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பில் போட்ட பிறகு பைக்கு ஒன்று, கட்டுவதற்கு ஒன்று என்று கேட்கும் கடைக்கு மறுபடியும் போக மாட்டார்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் நோபல்ஸ் என்று ஒரு குடும்பத்துப் பூங்கா இருக்கிறது. 1926இல் தொடங்கியது. இன்றும் நுழைவு இலவசம், வண்டி நிறுத்தவும் காசில்லை. எந்த ராட்டினத்தில் ஏறுகிறார்களோ அதற்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். பாட்டி உட்கார்ந்திருக்கக் காசில்லை. இண்டியானா மாநிலத்தில் ஹாலிடே வேர்ல்ட் என்று இன்னொரு பூங்கா. அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து உள்ளே வந்தவர்களுக்குக் குளிர்பானம் எவ்வளவு குடித்தாலும் இலவசம். வெயிலில் தோல் கருகாமல் பூசிக்கொள்ளும் களிம்பும் இலவசம். இரண்டும் பெரிய நகரத்துப் பூங்காக்கள் அல்ல, கிராமப் பக்கத்துப் பூங்காக்கள்.

இதற்கு நம் கடைத்தெருவில் ஒரு பெயர் உண்டு. கொசுறு! காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை, கொத்தமல்லி. கடலை வாங்கினால் பொட்டலத்தின் மேல் ஒரு பிடி. அந்தப் பிடிக்கடலையின் அடக்க விலை என்ன என்று நமக்குத் தெரியும். அது கொண்டுவரும் வாடிக்கையும் நமக்குத் தெரியும். குளிர்பானத்தின் அடக்க விலையும் அப்படித்தான், பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். ஆனால் “எவ்வளவு வேண்டுமானாலும் குடி” என்று பிள்ளையிடம் தைரியமாகச் சொல்ல முடிகிற தகப்பனுக்கு அன்று முழுவதும் மனம் லேசாக இருக்கும்.

கட்டுச்சோறும் தண்ணீரும்

பூங்கா வாசலில் பையைத் துழாவி, புளிசாதப் பொட்டலத்தையும் முறுக்கையும் எடுத்து வைக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது? திரையரங்கு வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்கத் திரையரங்கு உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே நேரத்தில் சுத்தமான குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்பதையும் எடுத்துச் சொன்னது. தண்ணீர் பாட்டில் விஷயத்தில், ஒரே சரக்குக்கு இரண்டு விதமான அதிகபட்ச விலை அச்சடிப்பதற்கு 2018 ஜனவரி முதல் தடை வந்தது. ஆனால் உணவு விடுதிகளில் பரிமாறும்போது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, உரிமை என்று பார்த்தால் முதலாளிகள் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கிறது. ஆனால் உரிமை வேறு, வியாபாரம் வேறு. கடன் கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல நமக்கும் உரிமை உண்டு. எல்லோருக்கும் அப்படிச் சொல்லியிருந்தால் நம்மில் பாதிப்பேர் கடை எப்போதோ பூட்டியிருக்கும். ஐந்து மணிக்கு எழுந்து ஒரு தாய் கட்டிய கட்டுச்சோற்றை வாசலில் பிடுங்குவது, “நீ இங்கே வேண்டாதவள்” என்று சொல்வதற்குச் சமம். மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட ஓர் இடம் ஒதுக்கட்டும். ஊறுகாய், வடை, அப்பளம், மோர் அங்கேயே விற்கட்டும். சோறு வீட்டிலிருந்து வந்தால் என்ன, தொட்டுக்கொள்ள வேண்டியதை நாம் விற்கலாமே!

பயம் தெளிய வேண்டும்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ராட்டினம் அந்தரத்தில் நின்றது, கம்பி கழன்றது என்று செய்தி வந்த மறுநாள், அந்தப் பூங்காவுக்கு மட்டுமல்ல, எல்லாப் பூங்காவுக்கும் குடும்பங்கள் வருவது குறைகிறது. நம் கடையில் தராசுக்கு முத்திரை போட்டுச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டுகிறோம். சட்டத்துக்காக மட்டுமா? பார்ப்பவர் மனத்தில் சந்தேகம் எழக் கூடாது என்பதற்காகவும்தான். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டி, இன்று காலை எத்தனை மணிக்கு யார் சோதித்தார் என்று கையெழுத்தோடு எழுதி வைக்கட்டும். சாக்பீஸ் செலவுதான். பிள்ளையை ஏற்றிவிட்டு அடிவயிற்றில் நெருப்போடு நிற்கும் தாய்க்கு அது பெரிய ஆறுதல்.

புது ராட்டினம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. மேலே சொன்ன மோரியோகா முன்பு ஒசாகா நகரத்து யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவில் இருந்தவர். 2014இல் அங்கே 4,500 கோடி யென் செலவில் ஹாரி பாட்டர் பகுதி திறந்தார்கள். அதற்குப் பணமெல்லாம் முடங்கிக் கிடந்த 2013ஆம் ஆண்டில், புதிதாக ஒன்று காட்டியாக வேண்டிய நெருக்கடி. என்ன செய்தார்கள் தெரியுமா? ஏற்கெனவே இருந்த உருளும் ரயிலைப் பின்புறமாக ஓட விட்டார்கள்! அதே தண்டவாளம், அதே உயரம். பல மணி நேரம் வரிசையில் நின்று ஏறினார்கள். சரக்கு பழையது, அடுக்கிய விதம் புதியது. ஆடி மாதத்துத் தேக்கச் சரக்கை முன்வரிசைக்கு நகர்த்தி விற்கத் தெரிந்த நமக்கு இது புரியாத வித்தை அல்ல.

நம் பங்கு

என் யோசனையை இப்போது சொல்லிவிடுகிறேன். பூங்கா முதலாளிகள் உள்ளே இருக்கிற சாப்பாட்டுக் கடை முழுவதையும் ஒரே குத்தகைதாரருக்கு ஏலம் விடுகிறார்கள். அவர் ஏலத்தொகையை எடுக்க, பத்து ரூபாய்ப் பண்டத்தை முப்பது ரூபாய்க்கு விற்கிறார். இதை மாற்றி, அந்த ஊரில் பேர் பெற்ற பத்துக் கடைகளுக்குச் சிறு வாடகையில் இடம் தரட்டும். ஊரில் என்ன விலையோ அதே விலை. அல்வாவுக்குப் பேர் போன ஊரானால் அல்வாக் கடை, முறுக்குக்குப் பேர் போன ஊரானால் முறுக்குக் கடை, கடலை மிட்டாய் ஊரானால் அது. கண்ணெதிரே முறுக்குச் சுற்றட்டும், கடலை வறுபடட்டும். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அதைவிட நல்ல காட்சி வேறென்ன? ஏறாதவருக்குத் தனியே குறைந்த கட்டணச் சீட்டு வைக்கட்டும். நம் சங்கங்கள் பூங்கா நிர்வாகத்தாரை அழைத்துப் பேச வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பூங்காவில் ஒரு கோடை விடுமுறைக்குச் சோதித்துப் பார்த்தால் போதும். பலன் தெரிந்துவிடும்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு, அது கொஞ்சம் கசப்பானது. கூவி அழைப்பதையும், நலம் விசாரிப்பதையும், மிட்டாய் ஒன்று அதிகமாகப் போடுவதையும் ஒரு நாடு கோடிக்கணக்கில் செலவழித்து நடிக்க வைத்திருக்கிறது. அந்தத் தெருவின் காய்கறிக்காரர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் வருகிறவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நம்மிடம் அது நடிப்பில்லாமல், வாடகையில்லாமல் இருக்கிறது. ஆனால் இன்று நம் கடைகளில் எத்தனை பேர் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து “வாங்கம்மா” என்கிறோம்? கல்லாவில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டே “என்ன வேணும்” என்று கேட்டால், கைப்பேசியிலேயே சரக்கு வரவழைத்துக்கொள்ளலாமே என்று அந்த அம்மா நினைப்பதில் என்ன தவறு?

பூங்காக்காரர்களுக்கு நம் தொழிலிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவர்கள் வந்து கேட்கிற நாளில், கற்றுக்கொடுக்கும் தகுதியோடு நாம் கடையில் இருக்க வேண்டும்.